கேம்பரும் காம்பராவும்

“மாமி, இதுதான் எங்கட கேம்பர்.”

ஸ்காபரோவில் அக்கா வீட்டு வாசலில், காருக்குப் பின்னால் கொளுவியிருந்த வெள்ளை வண்டியைக் காட்டி அத்தான் சொன்னார். அம்மா வண்டியைப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். “காம்பராவா?” என்று கேட்டார்.

அத்தான் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. எனக்கும் அக்காவுக்கும் சட்டென்று பிடிபட்டது. மலையகத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் அறைக்குக் காம்பரா என்று பெயர். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல் நம் தோட்டங்களில் அப்படியே தங்கிவிட்டது. அம்மா பிறந்ததும், வாழ்க்கைப்பட்டுப் போனதும், எங்கள் இருவரையும் பெற்றதும் காம்பராவில்தான்.

இப்போது நாங்கள் இருப்பது கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில். கண்டி வாவிப் பக்கத்திலிருந்து மேலேறும் வீதி, பாப்பரசரின் ஆணையில் 1893இல் குருமடம் தொடங்கிய எங்கள் ஊரைத் தாண்டி, தலாத்து ஓயா, ஹேவாஹெட்டை என்று தேயிலைக்குள் போய்விடும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்த லூல்கந்துர தோட்டமும் அந்தப் பக்கத்து மலைகளில்தான் இருக்கிறது. அந்த வீதியின் மேல் கோடியில் உள்ள ஒரு தோட்டத்து லயத்தில், 7ஆம் நம்பர் காம்பராவில், ஒன்பது வயது வரை நான் இருந்தேன். அப்பாவுக்குக் கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்தபோது, அதே வீதியில் பஸ் ஏறி அம்பிட்டியவுக்கு வாடகைக்கு வந்தோம். லயத்தை விட்டு இறங்கிய அந்தப் பஸ் பயணம்தான் அம்மாவின் வாழ்க்கையில் நடந்த பெரிய பயணம், போன செப்டெம்பரில் அவரைக் கனடாவுக்குக் கூட்டிப்போகும் வரை.

அக்கா தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். “வார சனி ஞாயிறு ஒரு கூட்டம் இருக்கு. சின்ன டிரெய்லர் வச்சிருக்கிறவங்க எல்லாம் ஏரிக்கரையில கூடுவாங்க. அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போறோம்.” ஏரிக்கரை என்றால் அம்மாவுக்குக் கண்டி வாவிதான். அதனால் உடனே சம்மதித்தார்.

அத்தானின் வண்டிக்கு போலர் என்று பெயர். வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் 1968இல் உருவாக்கிய வண்டி இது. அதற்கு முன் அவர் கண்ணாடியிழையில் மலக்குழித் தொட்டி செய்தவர். கொங்கிரீட்டில் வார்த்த தொட்டியைத் தூக்க ஆள்படை வேண்டியிருக்க, அதையே கண்ணாடியிழையில் இலேசாகச் செய்யலாம் என்று கண்டவருக்கு, இதே பொருளில் வீடும் செய்யலாமே என்று தோன்றியிருக்கிறது. மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று என இரண்டு அச்சில் வார்த்து, இடுப்பில் ஒட்டிவிட்டால் வண்டி தயார். கொளுவியோடு சேர்த்து மொத்த நீளம் 13 அடி. எடை 1,000 இறாத்தலுக்கும் குறைவு என்பதால் சின்னக் கார் ஒன்றே இழுத்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த முட்டை போல இருக்கும். பழைய ஆங்கிலேயரின் வட்டத் தொப்பியான போலர் தொப்பியை ஒத்திருந்ததால்தான் அந்தப் பெயர். 1980களின் கடைசியில் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் கண்ணாடியிழை துருப்பிடிக்காது, உக்காது. ஐம்பது வயதான வண்டிகளை ஆட்கள் தேடி வாங்கி, தேய்த்து, சாயம் பூசி, மின்கம்பி மாற்றி ஓட்டுகிறார்கள். 2018இல் ஐம்பதாவது ஆண்டுக்கு வின்னிபெக்கிலேயே நூற்றுக்கணக்கான போலர்கள் ஒன்றுகூடின.

ரொறன்ரோவிலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனோம். அத்தான் வலதுபக்கத் தடத்தை விட்டு விலகவே இல்லை. பின்னால் வீடு வருகிறது என்ற நினைவோடு ஓட்ட வேண்டும் என்றார். அம்மா பின் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, கண்ணாடி வழியே அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ட்ரென்டன் அருகே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சோளமும் ஆப்பிளும் திராட்சையும் விளையும் பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டிக்குள் நுழைந்தோம். ஒன்ராறியோ ஏரியோரம் சான்ட்பாங்க்ஸ் மாகாணப் பூங்கா. குடாவின் வாயை அடைத்தபடி எழுந்த மணல்மேடுகளில் நன்னீர்க் கரையில் இதை மிஞ்சியது உலகில் இல்லை என்கிறார்கள். அம்மா இறங்கியதும் நீரைப் பார்த்துவிட்டு, “அந்தக் கரை எங்க?” என்று கேட்டார். கரை தெரியவில்லை. அதற்கப்பால் அமெரிக்கா என்று அக்கா சொன்னாள்.

முகாமில் ஏற்கெனவே முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் நின்றன. மஞ்சள், வான்நீலம், பிஸ்தா, பாதி வெள்ளை பாதி சிவப்பு. போலர் மட்டுமல்ல, போலரின் அச்சை வாங்கி அமெரிக்காவின் மினசோட்டாவில் 1970களில் செய்யத் தொடங்கிய ஸ்காம்ப், படுத்துறங்க மட்டும் இடமுள்ள கண்ணீர்த்துளி வடிவ வண்டிகள், ஒருவர் தன் கொட்டகையில் ஒட்டுப்பலகையில் தானே அறைந்து செய்தது என்று பலவிதம். எங்கள் இடத்துக்குள் வண்டியைப் பின்னோக்கி விடுவது பெரும் வேலை. கார் இடப்பக்கம் திரும்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். நாங்கள் கேட்காமலே நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் பின்னால் நின்று கைகாட்ட, இன்னொருவர் சில்லுக்கு மரக்கட்டை வைத்து அடைகொடுக்க, மூன்றாமவர் ரசமட்டத்தைத் தரையில் வைத்து உள்ளே சரிவு இருக்கிறதா என்று பார்த்தார். வண்டி மட்டமாக நிற்காவிட்டால் இரவில் தலைக்கு இரத்தம் ஏறும் என்றார். ஐந்து நிமிடத்தில் வண்டி நின்றது, மேலே படங்கு விரிந்தது, அதன் கீழ் நாற்காலி விழுந்தது. அந்தப் படங்கின் நிழலைப் பார்த்து அம்மா சொன்னார்:

“இஸ்தோப்பு வந்துருச்சு.”

லயத்தில் ஒவ்வொரு காம்பராவுக்கும் முன்னால் இருக்கும் ஒடுங்கிய திண்ணையைத்தான் இஸ்தோப்பு என்போம். காம்பராவில் படுக்கலாம், சமைக்கலாம், இருக்க முடியாது. இருப்பதெல்லாம் இஸ்தோப்பில். இங்கும் அப்படித்தான். வண்டிக்குள் ஆள் இல்லை. எல்லாரும் வெளியே.

அம்மா உள்ளே ஏறி முழம் போட்டு அளந்தார். நீளம் ஆறரை முழம், அகலம் நாலு முழம். பின்பக்கம் மேசை, அதை இறக்கிப் பலகை போட்டால் இருவர் படுக்கும் கட்டில். முன்பக்க இருக்கையின் சாய்மானத்தைத் தூக்கிக் கொளுவினால் மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. நடுவில் இரண்டு அடுப்பு, ஒரு சின்னத் தொட்டி, ஒரு பனிப்பெட்டி. அலுமாரிக் கதவுகளைத் திறந்து பார்த்தார். கத்தி அசையாமல் நிற்க வெட்டிய பலகை, கோப்பை தொங்க கொக்கி, கட்டிலுக்கு அடியில் உருளைக்கிழங்குப் பெட்டி. “எல்லாத்துக்கும் எடம் வச்சிருக்காங்க,” என்று மெதுவாகச் சொன்னார். காம்பராவில் அவரும் அப்படித்தான் வைத்திருந்தார். அரிசிச் சாக்கு எங்கே, கொழுந்துக் கூடை எங்கே, என் பள்ளிப் புத்தகம் எங்கே, இரவில் யார் தலை எந்தப் பக்கம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. மனத்துக்குள் அந்தக் கணக்கைத்தான் சரிபார்க்கிறார் என்று எனக்குப் பட்டது.

விறகை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம், உள்ளே விற்பதை வாங்குங்கள் என்றார்கள். ஏன் என்று கேட்டேன். ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு ஒன்று, 2002இல் டெட்ராய்ட், வின்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது, விறகுக்குள் ஒளிந்து ஊர் ஊராகப் போய் ஆஷ் மரங்களைக் கொன்று தீர்க்கிறது என்றார்கள். மலையகத்துக்காரனுக்கு இதை இரண்டு தரம் சொல்ல வேண்டியதில்லை. 1869இல் கோப்பி இலையில் படர்ந்த பூஞ்சணம் ஒன்றுதான் இலங்கையின் கோப்பியை அழித்து, அந்த இடத்தில் தேயிலையை நடவைத்தது. எங்கள் கையில் கொழுந்துக் கூடையைத் தந்தது அந்தப் பூஞ்சணம்.

காலையில் குளிப்பறைக்கும் குழாயடிக்கும் பொதுக் கட்டடம் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். தோளில் துவாயோடு, கையில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு ஆட்கள் வந்து போனார்கள். போகிறவர் நிற்பார், வருகிறவர் நிற்பார், பேச்சு நீளும். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனவர் அரை மணி நேரம் வரவில்லை. தேடிப் போனால், ஒரு வார்த்தை பொது மொழி இல்லாமல், நரைத்த தலைப் பெண்மணி ஒருவரோடு கையைக் காட்டிக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது, “பீலிக்கரை மாதிரியே இருக்குடா தம்பி,” என்றார். மலையிலிருந்து மூங்கில் வழியாகவோ குழாய் வழியாகவோ இறங்கும் நீர் விழும் இடம் பீலி. லயத்தின் செய்தியெல்லாம் அங்கேதான் பிறக்கும். சற்று நடந்த பிறகு அம்மா நின்று, வரிசையாக நின்ற வண்டிகளையும், படங்குகளின் கீழ் கோப்பிக் கோப்பையோடு சாய்ந்திருந்தவர்களையும் பார்த்தார்.

“நம்ம லயம் மாதிரிதான் இருக்கு. ஆனா யாரும் பெரட்டுக்குப் போகல.”

விடியலில் தப்படித்தோ கொம்பூதியோ ஆட்களை அழைத்து, பெயர் கூப்பிட்டு, மலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு. அதற்குத் தாமதமானால் அன்றைய பெயர் இல்லை. முப்பது வருடம் அம்மா அந்த அழைப்புக்கு எழுந்தவர். அம்பிட்டியவுக்கு வந்த பிறகும் இன்றுவரை நாலரைக்குத்தான் எழுகிறார்.

சனி மதியம் எல்லாரும் தத்தம் கதவைத் திறந்து வைத்தார்கள். இந்தக் கூட்டங்களின் உயிரே அதுதான். யாரும் யார் வண்டிக்குள்ளும் ஏறிப் பார்க்கலாம், கட்டிலை அழுத்தலாம், அலுமாரியைத் திறக்கலாம், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கலாம். கேட்டவருக்கு அளவு, பசை, ஆணி எல்லாம் சொல்லித் தருகிறார்கள். தான் கண்டுபிடித்ததை ஒளித்து வைப்பவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. ஓய்வுபெற்ற ஒரு தாதி, கணவர் போன பிறகு தனியாக வண்டி இழுக்கக் கற்றுக்கொண்டவர். ஓர் இளம் சோடி, வீட்டு வாடகைக்குச் சேர்த்த பணத்தில் வண்டி வாங்கியவர்கள். தன் தகப்பன் 1971இல் வாங்கிய அதே வண்டியில் இப்போது பேரனைப் படுக்கவைக்கும் ஒருவர். அம்மா ஒவ்வொரு வண்டி வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். இரண்டாவது வண்டிக்குப் பிறகு எங்களோடு வந்தவர்களும் கழற்றத் தொடங்கினார்கள்.

வாசலில் ஒரு மேசை. அதில் வருகைப் பதிவேடு. பெயர், ஊர், டிரெய்லரின் வகை, ஆண்டு, நீளம், எத்தனை பேர் படுக்கலாம். குழாயடியில் அம்மாவோடு கதைத்த அதே பெண்மணிதான் பதிவேட்டுக்குப் பொறுப்பு. அத்தான் தன்னுடையதை எழுதிவிட்டுப் பேனாவை வைக்கப் போனார். அம்மா, “என்னா எழுதுறீங்க மருமகனே?” என்று கேட்டார். அக்கா கட்டம் கட்டமாகச் சொன்னாள். அம்மா கொஞ்சம் யோசித்தார்.

“என்னோடதும் எழுது.”

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். ஊர்: அம்பிட்டிய, கண்டி. வகை: காம்பரா, 7ஆம் நம்பர். ஆண்டு?

“வெள்ளக்காரன் கட்டுனது. ஆண்டு தெரியாது.”

நீளம் 12 அடி, அகலம் 10 அடி. படுக்கை?

அம்மா விரல் விட்டு எண்ணினார். தாத்தா, அப்பாயி, அப்பா, தான், சித்தப்பா, இரண்டு அத்தைமார், நாங்கள் இருவர்.

“ஒம்பது.”

பெண்மணி பதிவேட்டைத் திருப்பிப் படித்தார். ஒன்பது என்ற இடத்தில் விரலை வைத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அக்கா ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள்: தோட்டம், லயம், ஒரு வரிசையில் எத்தனை அறை, தகரக் கூரை, இரு பக்கமும் ஒரே சுவர். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று கேட்டார். அந்த அறை இப்போது எங்கே? அங்கேயேதான் இருக்கிறது, அம்மாவின் தங்கை மகள் குடியிருக்கிறாள் என்று அக்கா சொன்னாள்.

அன்றிரவு கூட்டாஞ்சோறு. நீண்ட மேசையில் ஆளுக்கொரு சட்டி. வெண்டைக்காயும் இறைச்சியும் போட்ட சூப், சோளம், ஆப்பிள் பணியாரம், பீன்ஸ். அம்மா கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, நெருப்புக்குழியின் இரும்புத் தட்டில் ரொட்டி தட்டினார். மாவை உள்ளங்கையில் உருட்டி, எண்ணெய் தொட்ட விரலால் ஓரத்தை வளைத்து வளைத்துத் தட்டி, ஒரு பக்கம் கருப்புப் புள்ளி விழுந்ததும் வெறுங்கையால் புரட்டிப் போடுவார். மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் முடிந்துபோகும் ரொட்டி அது. கூட அம்பிட்டியவிலிருந்து போத்தலில் கொண்டுபோன கட்டச் சம்பல். முதல் ரொட்டி பத்துத் துண்டானது. பிறகு அம்மாவைச் சுற்றி வரிசை நின்றது. ஒரு சிறுமி மாவை வாங்கித் தானே தட்டினாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சுற்றக் காட்டிக்கொடுத்தார்.

தூக்கம் வராமல் வண்டிக்குள் படுத்திருந்தபோது 1885ஆம் ஆண்டு என் நினைவில் வந்தது. முன்னாள் கடற்படை மருத்துவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டலில் கட்டுவித்த சக்கர வீட்டில் இரண்டு குதிரை பூட்டி, இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்கொட்லாந்தின் வடக்கே இன்வெர்னஸ் வரை போனது அந்த ஆண்டில்தான். வாழ வழியில்லாமல் அல்ல, சுகத்துக்காக ஒருவர் சக்கர வீட்டில் ஊர் சுற்றப் போன கதை அங்கே தொடங்குகிறது. 1907இல் பிரித்தானியக் கரவன் கழகம் பிறந்தது. இன்றைய கூட்டங்கள் எல்லாம் அந்தக் கிளையில் காய்த்தவை. அதே 1885இல்தான் எங்கள் மலைநாட்டு ரயில் பாதை நானுஓயாவைத் தொட்டது. தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள், அந்த மலைகளெங்கும் 10க்கு 12 அடி அறைகளில் அடைக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஆங்கிலேயர் காலம். இரண்டு சின்ன அறைகள். ஒன்றில் சக்கரமும் சாவியும் உள்ளே இருப்பவரிடம். மற்றதில் இரண்டும் தோட்டத் துரையிடம்.

நள்ளிரவில் மழை வந்தது. கண்ணாடியிழைக் கூரையில் மழை விழும் சத்தம் தகரத்தில் விழுவது போல அறையாது. உள்ளங்கையால் தட்டுவது போல இருக்கும். இருட்டில் அம்மா எழுந்து உட்கார்வது தெரிந்தது. கை தடவித் தடவி ஒரு சட்டியை எடுத்து, கூரையின் காற்றுத் துவாரத்துக்கு நேர் கீழே வைத்தார்.

“அம்மா, இது ஒழுகாது. கூரை ஒரே வார்ப்பு,” என்றேன்.

“ஓட்டை இருக்கிற எடத்துல ஒழுகும்டா,” என்றார்.

காலையில் சட்டியில் கால் கோப்பைத் தண்ணீர் இருந்தது. வார்ப்பு ஒழுகவில்லை, துவாரத்தைச் சுற்றி ஒட்டிய பசை வயதாகி வெடித்திருந்தது. அத்தான் அதைக் கண்டு திகைத்து நிற்க, அடுத்த வண்டிக்காரர் ஏணியும் பியூட்டில் நாடாவும் கொண்டுவந்தார். பழைய பசையைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, மதுசாரம் தோய்த்த துணியால் துடைத்து, நாடாவை இழுக்காமல் வைத்து அழுத்தி, திருகாணியை எதிரெதிராக முறுக்கினார். இழுத்து ஒட்டினால் வெயிலில் சுருங்கி விலகும் என்று அத்தானுக்குக் காட்டித் தந்தார். காசு பேச்சே எழவில்லை. அம்மா அவருக்குப் பாலில்லாத தேநீரான சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், கையில் ஒரு துண்டு கருப்பட்டியோடு.

பிரியும்போது ஒவ்வொரு வண்டியும் நெடுஞ்சாலைக்கு ஏறும் வரை மற்றவர்கள் நின்று கையசைத்தார்கள். பிரேக் விளக்கு எரிகிறதா, சங்கிலி கொளுவியிருக்கிறதா என்று ஒருவர் பின்னால் போய்ப் பார்த்துச் சொல்வார். அதன்பின்தான் வண்டி நகரும்.

ஒக்டோபரில் அம்பிட்டியவுக்குத் திரும்பினோம். அடுத்த ஞாயிறே அம்மா மேல் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். தலாத்து ஓயா பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, கடைசி மைலை நடந்து சேர்ந்தோம். லயம் அப்படியேதான் நிற்கிறது. தகரத்துக்கு மேல் கல்லும் பழைய டயரும். காணி அரசுடையது, நிர்வாகம் குத்தகைக் கம்பெனியுடையது, குடியிருப்பவர்களுக்கு அறை மட்டும். 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு என்று மன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தார்கள்; அந்த நடையின் கோரிக்கைகளில் காணியும் வீடும் இருந்தன. இந்திய உதவியில் 7 பேர்ச் காணியோடு தனி வீடுகள் சில தோட்டங்களில் எழுந்திருக்கின்றன. 2017இல் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு வந்தபோது மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இந்த லயத்துக்கு இன்னும் எதுவும் வரவில்லை.

பீலிக்கரையில் ஐந்தாறு பெண்கள். அம்மா என் கைபேசியை வாங்கி ஒவ்வொரு படமாகக் காட்டினார். மஞ்சள் வண்டி, நீல வண்டி, படங்கு, நெருப்புக்குழி, ரொட்டி தட்டும் சிறுமி. “நம்ம காம்பராவ விட அகலம் கொறச்சல். நாலு மொழந்தான். நான் அளந்து பாத்தேன்,” என்றார். விலை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. எந்த நாடு என்றும் கேட்கவில்லை. சித்தி மகள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்து, படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“பெரியம்மா, அது அவுங்களுக்குச் சொந்தமா?”

“சொந்தந்தான். சாவி அவுங்க கையில இருக்கு. எங்க வேணும்னாலும் போவாங்க, வருவாங்க.”

அவள் படத்தை இன்னொரு தரம் பார்த்தாள்.

“அப்போ எம்புட்டுச் சின்னதா இருந்தா என்னா, பெரியம்மா.”